ஷோரூமில் பேரம் பேசலாமா?

தள்ளுவண்டியில் ஒரு கிலோ தக்காளிக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி பத்து நிமிஷம் மல்லுக்கு நிற்பவர்கள் நம் ஊரில் உண்டு. கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்காமல் நகரமாட்டார்கள். அதே ஆட்களைக் கூட்டிப் போய் ஒரு பைக் ஷோரூமில் உட்கார வைத்துப் பாருங்கள். கண்ணாடிக் கதவு, ஏ.சி., டை கட்டின பையன், கையில் ஒரு கப் காபி... அவ்வளவுதான், வாய் அடைத்துவிடும். நீட்டின தாளில் போட்டிருக்கிற தொகைக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "அங்கெல்லாம் ஃபிக்ஸட் ரேட்டுப்பா" என்பார்கள்.

இது பாதி உண்மை. எக்ஸ்ஷோரூம் விலை என்பது கம்பெனி வைப்பது. அதில் ஷோரூம்காரர் குறைப்பது ரொம்ப அபூர்வம். ஆனால் நாம் கட்டுவது எக்ஸ்ஷோரூம் விலை மட்டும் இல்லையே! ஆன்ரோடு விலை என்று ஒன்று வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு வரிகள் இருக்கும். பேரம் பேசும் இடமே அந்த வரிகள்தான்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு தையற்காரர். கிராமத்தில் வீடு, டவுனில் கடை. ராத்திரி கடைசி பஸ்ஸை விட்டால் நடைதான். நாற்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தார். மீதியை ஃபைனான்ஸில் போட்டு ஒரு நூறு சி.சி. பைக் எடுக்கலாம் என்று பி.காம். கடைசி வருஷம் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனார். கொடுத்த கொட்டேஷன் இப்படி இருந்தது:

எக்ஸ்ஷோரூம் - 75,000
வாழ்நாள் வரி - 7,500
இன்சூரன்ஸ் - 8,200
பதிவுச் செலவு - 1,950
ஹேண்ட்லிங் சார்ஜ் - 1,500
ஆக்சசரீஸ் - 4,250
எக்ஸ்டெண்டட் வாரண்டி முதலியன - 1,500
மொத்தம் - 99,900

"லட்சம்கூட வரல சார்" என்று சிரித்தார் சேல்ஸ் பையன். அப்பாவும் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. தாளை வாங்கி மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

நாமும் வரி வரியாகப் பார்ப்போம்.

முதல் இரண்டு வரிகளில் கை வைக்க முடியாது. ஆனால் சரிபார்க்கலாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி மாறியது. ஒரு லட்சம் ரூபாய் வரை உள்ள புது இருசக்கர வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் போனால் 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை உள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருஷம் முன்னால் வாங்கின விலையை மனதில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. கம்பெனியின் இணையதளத்தில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது, இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புது இருசக்கர வண்டிக்கு 5 வருஷத்துக்குச் சேர்த்து தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுப்பது கட்டாயம். இதன் தொகையை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75 முதல் 150 சி.சி. வரை உள்ள பைக்குக்கு 5 வருஷத்துக்கு 3,851 ரூபாய், வரி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இது ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியிலும், அதன் மேல் ஒட்டும் ஆட்-ஆன்களிலும்தான். இந்தப் பகுதி சட்டப்படி கட்டாயம் இல்லை. கடனில் வாங்கினால் கடன் கொடுப்பவர் கேட்பார். 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றும் இருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் அதை எடுத்திருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஷோரூம் சொல்லும் கம்பெனியில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியில் விசாரித்துக் கையில் ஒரு தொகையோடு போனால் போதும், இந்த வரி தானாக இறங்கும்.

நான்காவது, பதிவுச் செலவு. பைக் பதிவுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள கட்டணம் 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, கடன் குறிப்பு, சேவைக் கட்டணம் என்று இன்னும் கொஞ்சம் சேரும். மீதி என்ன என்று கேட்கலாம், அரசு ரசீதைக் காட்டச் சொல்லலாம். 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தர வேண்டியது உற்பத்தியாளர் பொறுப்பு. அதற்குத் தனியாகக் காசு போட்டிருந்தால் அதையும் கேட்கலாம்.

ஐந்தாவது, ஹேண்ட்லிங் சார்ஜ். வண்டியை குடோனிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவந்து துடைத்து நிறுத்துவதற்கான கூலியாம்! கடைக்கு வந்து சேர்கிற செலவு எக்ஸ்ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. இதைத் தனியாக வாங்கக்கூடாது என்று பல மாநிலங்களில் போக்குவரத்துத் துறையே உத்தரவு போட்டிருக்கிறது.

ஆறாவதில்தான் கூத்து. நம் தையற்காரரின் தாளில் ஹெல்மெட் 1,200, சாரி கார்டு 650, கிராஷ் கார்டு 950, சீட் கவர் 350, பெயின்ட் கோட்டிங் 1,100 என்று இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதி 138, வண்டி வாங்கும்போது பி.ஐ.எஸ். தரத்தில் ஒரு ஹெல்மெட்டை உற்பத்தியாளர் தர வேண்டும் என்கிறது. விதி 123, பின்னால் ஆள் உட்காரும் பைக்குக்குக் கைப்பிடி, கால் மிதி, பின்சக்கரத்தில் துணி சிக்காமல் பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் தடுப்பு இல்லாமல் வண்டியே செய்யக்கூடாது என்கிறது. சட்டப்படி வண்டியோடு வர வேண்டியது, ஷோரூமுக்குள் வந்ததும் ஆக்சசரீஸ் ஆகிவிடுகிறது.

மகள் கத்தவில்லை, சட்டம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, ஹேண்ட்லிங் சார்ஜ்னு போட்டிருக்கீங்கள்ல, பில்லுல இது என்ன பேர்ல வரும்?"

"அது... எல்லார்கிட்டயும் வாங்குறதும்மா."

"சரிங்கண்ணா, பில்லுல வருமா?"

பையன் மேனேஜரைப் பார்க்க எழுந்து போனான். அப்பாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "விடும்மா, ஆயிரம் ரெண்டாயிரத்துக்குப் போய்... எல்லாரும் பாக்குறாங்க" என்று காதோடு சொன்னார். மேனேஜர் வந்து, "இன்னிக்கே அட்வான்ஸ் போட்டாதான் சார் புதன்கிழமை முகூர்த்தத்துக்கு வண்டி கிடைக்கும்" என்றார். புதன்கிழமை நல்ல நாள் என்று காலண்டரில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது.

"யோசிச்சிட்டு வர்றோம் சார்" என்று மகள் எழுந்துவிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ரொம்ப நேரம் அப்பா பேசவில்லை. கோபம் என்று மகள் நினைத்தாள். அவரோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். லைனிங் இல்லாத சாதா பிளவுஸ் தைக்க அவர் வாங்கும் கூலி 150 ரூபாய். ஹேண்ட்லிங் சார்ஜ் என்றால் பத்து பிளவுஸ். ஹெல்மெட் என்றால் எட்டு. "பாப்பா, நாலு நாள் உக்காந்து தைக்கணும்" என்றார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஷோரூமில் உட்கார்ந்திருக்கும்போது லட்சத்துக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதால் ஆயிரம் ரூபாய் சில்லறையாகத் தெரிகிறது. தன் உழைப்பின் அளவில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு என்று தெரியும். வெட்கம் நம்மை அந்தக் கணக்கைப் போடவிடாது.

இரண்டு நாள் கழித்து ஷோரூமிலிருந்தே போன் வந்தது. இந்தத் தடவை பேசியது அப்பா. "தம்பி, நான் பிளவுஸ் தைச்சுட்டு கொக்கி வைக்கிறதுக்குத் தனியா காசு கேட்டா, வாங்க வர்றவங்க சும்மா விடுவாங்களா?" என்றார் அமைதியாக. மேனேஜரே சிரித்துவிட்டாராம். ஹேண்ட்லிங் சார்ஜ் போனது. ஹெல்மெட்டும் சாரி கார்டும் வண்டியோடு வந்தன. பெயின்ட் கோட்டிங் வேண்டாம் என்றார்கள். கிராஷ் கார்டும் சீட் கவரும் தேவை என்பதால் வைத்துக்கொண்டார்கள். ஆட்-ஆன்களைக் கழித்ததில் இன்சூரன்ஸ் 6,700-க்கு இறங்கியது. பதிவுச் செலவில் மட்டும் ஒரு ரூபாய்கூட அசையவில்லை. மொத்தம் 93,950. மிச்சம் 5,950, அதாவது நாற்பது பிளவுஸ். புதன்கிழமை முகூர்த்தம் தவறிப்போனதில் வீட்டில் அம்மாவுக்கு இரண்டு நாள் வருத்தம்.

இதைவிடப் பெரிய தொகை ஒன்று கொட்டேஷனிலேயே இருக்காது. அதுதான் ஃபைனான்ஸ். "வெறும் பத்து பர்சன்ட் சார், ஃபிளாட்" என்பார்கள். 60,000 கடன், இரண்டு வருஷம், ஃபிளாட் 10 சதவீதம் என்றால் வட்டி 12,000. மாதம் 3,000 வீதம் 24 மாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம் அல்லவா? கடைசி மாதம் பாக்கி மூவாயிரத்துக்கும் கீழே. வட்டி மட்டும் முழு அறுபதாயிரத்துக்கும் போட்டிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் வருகிறது! ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கொடுத்தாக வேண்டும். எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர வட்டி வீதம் அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் அதைக் கேளுங்கள். நம் தையற்காரர் அதைக் கேட்டுவிட்டு, தனக்குக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போய்விட்டார்.

பேரத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது வாய்ச் சாமர்த்தியத்தைவிட, அவசரம் யாருக்கு என்பதைப் பொறுத்தது. இதற்கு நல்ல உதாரணம் 2017. அந்த வருஷம் மார்ச் 29-ஆம் தேதி, ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடு முழுக்க விற்காமல் நின்றவை சுமார் 8 லட்சம் வண்டிகள். அதில் 6.7 லட்சம் இருசக்கர வண்டிகள். கையில் இருந்ததோ இரண்டு நாள். சில மாடல்களுக்கு இருபதாயிரத்துக்கு மேல் தள்ளுபடி கொடுத்தார்கள், ஷோரூம் வாசலில் கூட்டம் அலைமோதியது. அன்று வாங்கினவர்கள் எல்லாம் பேரத்தில் புலிகளா என்ன? அவசரம் அன்றைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

சாதாரண நாட்களிலும் சின்ன அளவில் இது நடக்கும். மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க வேண்டிய நெருக்கடி, யாரும் வண்டி எடுக்காத ஆடி, மார்கழி... இதெல்லாம் வாங்குபவருக்கு நல்ல நேரம். டிசம்பரில் தள்ளுபடி கூடினாலும், ஜனவரியிலேயே அது போன வருஷத்து வண்டியாகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தயாரிப்பு மாதம், வருஷம் என்ன என்று கட்டாயம் கேட்டு, வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டே பணம் கட்டுவது நல்லது.

ஒன்று சொல்லியாக வேண்டும், மக்களே. அந்த டை கட்டின பையன் வில்லன் கிடையாது. அவனுக்கு வண்டி விற்பதைவிட, ஆக்சசரீஸும் இன்சூரன்ஸும் ஃபைனான்ஸும் விற்றால்தான் கையில் நாலு காசு நிற்கும். அவனும் யாரோ ஒரு அப்பாவின் பிள்ளைதான். அவனிடம் குரலை உயர்த்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. "இது கட்டாயமா? பில்லில் வருமா?" என்று ஒவ்வொரு வரிக்கும் பொறுமையாகக் கேட்டாலே போதும். பதில் சரியாக இல்லையென்றால் கொட்டேஷனை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். காபி குடித்துவிட்டோமே என்று கூச்சப்பட வேண்டாம், அதற்கு யாரும் பில் போடமாட்டார்கள் :-)