சூடோ மறுக்கும்போது

லினக்ஸ் கணினியில் சூடோயர்ஸ் என்றொரு கோப்பு இருக்கிறது. ஈடிசி ஃபோல்டருக்குள் கிடக்கும் சாதாரண எழுத்துக் கோப்புதான். அந்தக் கணினியில் சூடோ என்ற கட்டளையின் மூலம் யார் யாருக்கு அட்மின் வேலை செய்ய உரிமை உண்டு என்பது அதில் எழுதியிருக்கும். வரிகள் பார்வைக்கு எளியவை. பயனர் பெயர், ஓர் இடைவெளி, ‘ஆல்’, ஒரு சமக்குறி, அடைப்புக்குறிக்குள் இன்னொரு ‘ஆல்’, கடைசியில் மூன்றாவது ‘ஆல்’. எந்தக் கணினியில், யாருடைய பெயரில், எந்தக் கட்டளைகளை என்ற மூன்று கேள்விகளுக்கும் ‘எல்லாம்’ என்று பதில். அந்தச் சமக்குறி விட்டுப்போனால் போதும், நீண்ட காலம் புழக்கத்தில் இருந்த சூடோ பதிப்புகள் கோப்பு முழுவதையுமே ஏற்க மறுத்துவிடும். எத்தனையாவது வரியில் பிழை என்பதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பிழையைத் திருத்த வேண்டுமானால் கோப்பைத் திறக்க வேண்டும். திறக்க அட்மின் உரிமை வேண்டும். அந்த உரிமையைத் தரவேண்டியதே சூடோதான்.

இதில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சூடோமீது வரும் கோபம் எனக்குத் தெரியும். கல்லூரி லேபில் சிஸ்டம் பொறுப்பில் இருப்பவன் நான். அந்தக் கோபத்தோடு வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஆனாலும் சூடோ செய்வதுதான் சரி என்பது என் கட்சி. கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சித்தப்பா உட்கார்ந்திருப்பார். யாருக்கு என்ன எடுத்துத் தரலாம் என்று கொடுத்த சீட்டு தண்ணீரில் நனைந்து எழுத்து கலைந்துவிட்டால், ‘இது சமையல்காரர் பேராத்தான் இருக்கும்’ என்று உத்தேசமாகப் படித்து நெய் டின்னைத் தூக்கிக் கொடுப்பவர் அந்த இடத்துக்கு லாயக்கில்லை. பெண்ணின் அப்பாவே வந்து கேட்டாலும் சீட்டைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்பவரை நம்பித்தான் சாவியைக் கொடுக்க முடியும்.

சூடோ இப்படி மறுப்பதை மதிக்க இன்னொரு காரணமும் உண்டு. அந்த நிரலின் கோப்பில் செட்-யூஐடி என்ற குறி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் குறி இருந்தால், யார் இயக்கினாலும் நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். சூடோவின் உரிமையாளர், முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக் கணக்கான ரூட். ஆகவே நாம் என்டர் தட்டிய கணமே அது ரூட்டாகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் சூடோயர்ஸ் கோப்பைப் படித்து, அந்த அதிகாரத்தை நமக்குக் கடன் தரலாமா என்று முடிவு செய்கிறது. முழு அதிகாரம் கையில் இருந்தும் சந்தேகம் வந்தால் எதையும் செய்யாமல் நிற்கிறது. செட்-யூஐடி, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியின் யோசனை. 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் கிடைத்த காப்புரிமையைப் பிறகு பொதுமக்களுக்கே விட்டுவிட்டார்கள். அதன்மேல் 1980 வாக்கில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் அமெரிக்காவில், பஃபலோவிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் சூடோவை எழுதினார்கள். 1990-களிலிருந்து அதைப் பராமரித்து வருபவர் டாட் மில்லர். அண்மைப் பதிப்புகள் கொஞ்சம் இறங்கி வருகின்றன. பிழையான வரியை மட்டும் தள்ளிவிட்டு மீதியைப் படிக்கப் பார்க்கின்றன. ஆனால் கோப்பின் அனுமதிகளே கெட்டிருந்தால் எந்த விட்டுக்கொடுத்தலும் கிடையாது. யாரோ சிமாட் 777 போட்டு, எல்லோரும் எழுதலாம் என்று ஆக்கிவிட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட மறுத்துவிடும்.

இந்த 777-ஐத்தான் எங்கள் லேப் அசிஸ்டென்ட் தம்பி போட்டிருந்தார். மறுநாள் பிராக்டிகல் பரீட்சை. கையில் உபுண்டு லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவோடு, வெளிறிய முகத்தோடு நின்றார். ஃபார்மேட் செய்து முதலிலிருந்து போட்டுவிடலாம் என்பது அவர் முடிவு. அந்தக் கணினியில் மாணவர்களின் ப்ராஜெக்ட் வேலை இருந்தது. எனக்குப் பெரிய ஆதங்கம் இதில்தான். சூடோயர்ஸ் கெட்டால் ஒரு பைட் தகவல்கூட அழிவதில்லை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது; அதிகாரத்தை வாங்கும் ஒரு வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவுதான் உண்மையான இழப்பைக் கொண்டுவருகிறது.

டெஸ்க்டாப் திறந்தே இருந்ததால் பிகே-எக்ஸெக் என்ற கட்டளையைப் போடச் சொன்னேன். அது போல்கிட் என்ற வேறொரு அமைப்பைச் சேர்ந்தது. சூடோயர்ஸை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. நிர்வாகி குழுவில் இருக்கிறீர்களா என்று தன் விதிகளின்படி பார்த்து, பாஸ்வேர்டு கேட்கும். சின்ன ஜன்னல் வந்தது, பாஸ்வேர்டைத் தட்டினார், கோப்பின் அனுமதியைச் சூடோ ஏற்கும் 0440-க்கு மாற்றினார். அவ்வளவுதான். ரீஸ்டார்ட்கூட வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கத்து வாசலும் அப்பழுக்கற்றது என்று சொல்ல மாட்டேன். 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதில் ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். எந்தச் சாதாரணப் பயனரும் ரூட்டாகிவிடக்கூடிய ஓட்டை, 2009-இலிருந்தே இருந்திருக்கிறது. அதை அடைத்தாயிற்று. இருந்தாலும் அதற்குப் பிறகு பிகே-எக்ஸெக்கையே எடுத்துவிட்ட நிர்வாகிகள் உண்டு. அவர்களுடைய கணினிகளில் இந்த வழி கிடைக்காது.

இறுதியாண்டு மாணவி ஒருவர் கொண்டுவந்த லேப்டாப்பிலும் கிடைக்கவில்லை. அங்கே கெட்டது வேறு. டாக்கர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவதற்காகத் தன்னை அதன் குழுவில் சேர்க்க யூசர்மாட் கட்டளை கொடுத்திருக்கிறார். பெரிய ‘ஜி’-யோடு சின்ன ‘ஏ’-யும் போட்டால் இருக்கும் குழுக்களோடு புதியது சேரும். ‘ஏ’ இல்லாவிட்டால் பழைய துணைக் குழுக்கள் எல்லாம் போய்ப் புதியது மட்டும் மிஞ்சும். அட்மின் உரிமை தரும் சூடோ குழுவும் அப்படிப் போய்விட்டது. போல்கிட்டும் அந்தக் குழுவைத்தான் பார்க்கும் என்பதால் இரண்டு வாசலும் ஒன்றாக மூடிக்கொண்டன. ரூட்டாகவே நுழையலாம் என்றால், 2004-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே உபுண்டுவில் ரூட் கணக்கு பாஸ்வேர்டு இல்லாமல் பூட்டித்தான் வருகிறது.

அவரைப் பயமுறுத்தியது திரையில் வந்த வாசகம். உங்கள் பெயர் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும் என்று போட்டிருந்தது. “யாருக்கு சார் ரிப்போர்ட் போகும்?” என்று கேட்டார். பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்து வாசகம் அது. நிர்வாகிக்கு மெயில் போகும். “இது உன் லேப்டாப்மா. நிர்வாகியும் நீதான். இதிலேயே ஒரு லாக்ல எழுதி வெச்சிருக்கும், அவ்வளவுதான்” என்றேன்.

ரீஸ்டார்ட் செய்து, கம்பெனி லோகோ வந்ததும் எஸ்கேப்பை அழுத்தினோம். பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட். எதை ஏற்றித் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வந்தது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரிகவரி மோட், அதற்குள் ரூட் ஷெல். கறுப்புத் திரையில் வரியின் கடைசியில் ஹேஷ் குறி வந்து நின்றது. டாலர் குறிக்குப் பதில் ஹேஷ் நின்றால் ரூட் என்று அர்த்தம். யூசர்மாட் கட்டளையை இந்த முறை ‘ஏ’-யோடு கொடுத்தார். பாஸ்வேர்டு கோப்பைப் பூட்ட முடியவில்லை, பிறகு முயலுங்கள் என்று பதில் வந்தது. அவர் காத்திருந்து மறுபடி கொடுத்தார், அதே பதில். இது ஆளைத் திசைதிருப்பும் செய்தி. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நடக்காது. அந்த ஷெல்லில் டிஸ்க் படிக்க மட்டும் என்று மவுன்ட் ஆகியிருந்தது. ரீமவுன்ட் செய்து எழுத அனுமதித்த பிறகு, அதே கட்டளை சத்தமில்லாமல் முடிந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தபோது சூடோ வழக்கம்போல வேலை செய்தது.

அவர் முகத்தில் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. “அங்க பாஸ்வேர்டே கேக்கலையே சார்?” என்றார்.

நான் படிப்பித்த எந்தப் பாடத்தையும்விட அவர் தானாகக் கண்டுபிடித்த இது முக்கியமானது. சூடோ, குழுக்கள், 0440 எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்குள் இருப்பவர்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள். கணினியை அணைத்துவிட்டால் அவற்றை அமல்படுத்த ஆள் இல்லை. மிச்சமிருப்பது ஒரு டிஸ்க், அதில் பைட்டுகள். தம்பி ஃபார்மேட் செய்யக் கொண்டுவந்த அதே பென் டிரைவில் பூட் செய்தால், உள்ளே இருக்கும் எந்தக் கோப்பையும் திறந்து திருத்தலாம். கிளவுட் சர்வர்களிலும் இதே வழிதான்: டிஸ்க்கைக் கழற்றி வேறொரு சர்வரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, கோப்பைச் சரிசெய்து, திரும்ப மாட்டுவார்கள். நம்மைக் காப்பாற்றும் வழியும் லேப்டாப்பைத் திருடியவன் உள்ளே வரும் வழியும் ஒன்றுதான்.

இதற்காகக் கிரப்புக்குப் பாஸ்வேர்டு போடுபவர்கள் உண்டு. டிஸ்க்கைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும் என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உருப்படியான காவல் என்றால் டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்வதுதான். லினக்ஸில் அதற்கு லக்ஸ் இருக்கிறது. அப்போது ரிகவரி மோடுக்குப் போனாலும் டிஸ்க்கைத் திறக்கும் சொற்றொடரை முதலில் கேட்கும். தெரிந்தவருக்கு மேலே சொன்ன எல்லா வழியும் அப்படியே திறந்திருக்கும். தெரியாதவன் கையில் இருப்பது வெறும் குப்பை. உபுண்டுவில் இதை இன்ஸ்டால் செய்யும்போதே தேர்ந்தெடுப்பது நல்லது. அந்த மாணவி ப்ராஜெக்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்துகொண்டார்.

இப்போது எங்கள் லேபில் சூடோ கொடுக்கும் முன் ஒரு பயிற்சி வைக்கிறோம். ஒதுக்கி வைத்த பழைய கணினியில் ஒவ்வொருவரும் சூடோயர்ஸை வேண்டுமென்றே கெடுத்து, பிறகு மீட்க வேண்டும். முதலில் சூடோயர்ஸைத் திருத்துவதற்கென்றே உள்ள விசூடோவில் திறந்து சமக்குறியை அழிக்கச் சொல்வேன். அது சேமிக்கும் முன்பே பிழையைக் காட்டி, என்ன செய்யலாம் என்று கேட்கும். மறுபடி திருத்தலாம், சேமிக்காமல் வெளியேறலாம், அபாயம் என்று தெரிந்தே சேமிக்கவும் செய்யலாம். இந்தக் கேள்வியைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு அந்தக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறப்பதில்லை. இன்னொரு டெர்மினலில் ரூட் ஷெல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே அதை மூடவும் பழக்குகிறோம்.

கொஞ்சம் தேறியவர்களுக்கு டெபியன் லினக்ஸ் ஏற்றிய கணினியைக் கொடுப்போம். ரூட் பூட்டியிருந்தால் அதன் ரிகவரி மோட் ஷெல் தராது. ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். அங்கே கிரப் மெனுவில் ‘இ’ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட் ஈக்வல்ஸ் பின் பாஷ் என்று சேர்க்க வேண்டும். கெர்னல் வழக்கமான சேவைகள் எதையும் தொடங்காமல் நேரே ஒரு ஷெல்லைத் தரும். வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரும் எக்ஸிட் அடிப்பார்கள். அந்த ஷெல்தான் சிஸ்டத்தின் முதல் புராசஸ் என்பதால், அது போனால் கெர்னல் பேனிக் ஆகித் திரை உறைந்துவிடும். அதையும் ஒருமுறை பார்க்க விடுகிறேன். சிங்க் கொடுத்து மாற்றங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம், கோப்பு பத்திரமாக இருக்கும். எழுதாமல் விட்டவர்கள் ஒரு தடவை கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும்.