வெள்ளை ஒயர்

எண்ணெய் தீர்ந்தால் என்ஜின் இருமும். சொல்லிக்கொண்டுதான் சாகும். அன்றைக்கு அது இருமவில்லை. கடியப்பட்டணத்திலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முட்டம் கலங்கரை விளக்கம் தீக்குச்சி அளவுக்குச் சிறுத்திருந்தது. மாசி மாதக் கடல் சாதுவாகக் கிடந்தது. வலையின் மிதவை தெரிகிறதா என்று பார்க்க நண்பன் எழுந்து நின்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் துண்டித்துப்போன மாதிரி சத்தம் அறுந்தது.

“நீ கரண்டு பாடம் எடுக்குத வாத்தியாருதானலே, பாரு” என்றான்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் மைக்கேல் பாரடேயைப் பற்றிச் சொல்கிறேன். சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் அவர் காட்டினார் என்பேன். கரும்பலகையில் படமும் போடுவேன். அதே விஷயம் 9.9 எச்.பி. என்ஜினாக எதிரே தொங்கும்போது எனக்குத் தோன்றியதெல்லாம் பிளக்கை மாற்றுவதுதான். மாற்றினோம். கயிற்றை இழுக்க இடைஞ்சலாக இருந்த கைப்பிடியை மேலே தூக்கி வைத்துவிட்டு, தோள் கழன்றுபோகும் வரை இழுத்தோம். கடைசியில் பக்கத்து வள்ளம் ஒன்று வடம் கட்டி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது.

கரையில் டிரம்மில் தண்ணீர் ஊற்றி என்ஜினை மாட்டினோம். முதல் இழுப்பிலேயே எடுத்தது. மறுநாள் கடலில் மறுபடி நின்றது. வழியில் பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் நண்பன் வரிசையாக வாங்கிப் போட்டான்: பிளக் மூடி, காயில், கடைசியாக சி.டி.ஐ. பெட்டி. பல நாள் மீன்காசு அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போனது. வியாதி மட்டும் போகவில்லை.

பிறகுதான் குளச்சல் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். பையை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பானரைக்கூட எடுக்காமல் கேட்டார்: “விக்கி விக்கி நின்னுதா, பட்டுன்னு நின்னுதா?”

“பட்டுன்னு.”

“ரெண்டு சிலிண்டரும் ஒண்ணா?”

“ஒண்ணாத்தான்.”

“அப்பம் பிளக்க விடு. ரெண்டு பிளக்கு சொல்லி வச்சா ஒரே நேரத்துல சாவும்?”

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த தர்க்கம் அது. ஒரு சிலிண்டர் மட்டும் செத்தால் அதற்கே உரிய மூடி, பிளக் இவற்றைப் பார்க்கவேண்டும். இரண்டும் சேர்ந்து செத்தால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் பார்க்கவேண்டும். நாங்கள் பொருளைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர் பாதையைப் பார்த்தார்.

பாதை சின்னதுதான். இந்த என்ஜினுக்கு பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் மேலே இருக்கும் கனத்த சக்கரம் சுழலும். அதன் உள்விளிம்பில் காந்தங்கள். அடியில் இருக்கும் சுருளில் மின்சாரம் பிறந்து சி.டி.ஐ. பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கியில் சில நூறு வோல்ட்டாகத் தேங்கும். ‘இப்போது’ என்று இன்னொரு குட்டிச் சுருள் சைகை கொடுத்ததும் அது மொத்தமாகக் காயிலில் பாயும். காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, பிளக் முனையில் நீலப் பொறியாக்கும்.

இதற்கெல்லாம் நடுவிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் பிரிந்து ஸ்டாப் சுவிட்சுக்குப் போகிறது. சூட்சுமம் அங்கேதான். வீட்டு விளக்கில் ஒயர் அறுந்தால் இருட்டு, சேர்ந்தால் வெளிச்சம். இங்கே தலைகீழ். சுவிட்சை அழுத்தினால் வெள்ளை ஒயர் எர்த்தோடு சேரும். பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் என்ஜினின் உடம்பிலேயே வடிந்துவிடும், என்ஜின் நிற்கும். அந்த ஒயர் அறுந்துபோனால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இடத்தையே தேடிப் பழகிய என் கண்ணுக்கு, சேரக்கூடாத இடத்தில் சேர்ந்திருப்பது எப்படித் தெரியும்?

அண்ணன் வெள்ளை ஒயரைப் பெட்டியிலிருந்து கழற்றி, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை என்ஜினின் உடம்பிலும் வைத்தார். சத்தமில்லை. சரியாகத்தான் இருக்கிறது என்று நான் முடிவுக்கு வரும் நேரத்தில் நண்பனிடம் கேட்டார்: “நிக்கும்போ நீ உக்காந்து ஓட்டுனியா, நின்னுட்டா?”

பதிலுக்குக் காத்திராமல் கைப்பிடியை மெல்ல மேலே தூக்கினார். பாதி தூரத்தில் மீட்டர் ‘பீ’ என்று கத்தியது.

கைப்பிடி மடங்கும் கணுவில் ஒயரின் தோல் தேய்ந்து செம்பு வெளியே வந்திருந்தது. பிடி தாழ்ந்திருந்தால் தொடாது; தூக்கினால் அலுமினியத்தில் முட்டும். நண்பன் எழுந்து நின்ற ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே என்ஜினை அணைத்திருக்கிறான். கயிறு இழுக்க வசதியாக இருக்கட்டும் என்று பிடியைத் தூக்கி வைத்து, அணைந்ததை அணைந்தபடியே நாங்கள் காவல் காத்திருக்கிறோம். டிரம்மில் பிடி எப்போதும் தாழ்ந்தே கிடந்தது. கரையில் ஓடியதற்கும் கடலில் நின்றதற்கும் நடுவே இருந்தது ஒரு முழ உயரம்தான்.

வெள்ளை ஒயரை மாட்டாமலே என்ஜினை ஓடவிட்டு, பிடியைத் தூக்கியும் இறக்கியும் காட்டினார். என்ஜின் நிற்கவில்லை. நண்பன் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம். “இப்பிடியே கெடக்கட்டும் அண்ணே. ஓடுதுல்லா!”

அண்ணன் சோக்கை இழுத்து மூச்சடைக்க வைத்து என்ஜினை நிறுத்தினார். பிறகு சுவிட்சைக் காட்டினார். அதன் கீழே இருக்கவேண்டிய கிளிப்பை யாரோ வலைநூலால் நிரந்தரமாகக் கட்டியிருந்தார்கள். ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள, ஆள் விழுந்தால் கிளிப்பை உருவி என்ஜினை நிறுத்த, அதோடு வந்த கயிறு எந்த நாளோ போய்விட்டிருந்தது. “நீ கடல்ல விழுந்தா வள்ளம் நிக்காது மக்கா. சுத்தி ஒன் மேலயே வரும். கீழ புரொப்பெல்லர் எல ஓடிட்டிருக்கும்.”

நண்பன் பேசவில்லை. இத்தனை நாள் எங்களை நடுக்கடலில் நிறுத்திய அதே ஒயர்தான், ஆள் விழுந்தால் வள்ளத்தையும் நிறுத்தும்.

வேலை ஒரு மணி நேரம் பிடித்தது. பழைய ஒயரை வெட்டியபோது உள்ளே செம்பு கறுத்திருந்தது. முன்பு யாரோ முறுக்கி டேப் சுற்றியிருந்த இடத்தைப் பிரித்தார். பசை வழவழத்து, உள்ளே உப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஈயம் பூசிய கம்பியில் புது ஒயர் போட்டு, பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே ஏற்றினார். கணுவில் இழுபடாமல் மடங்க ஒரு சுற்று தளர்வாக விட்டார். எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் உப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, கிரீஸ் தடவி முடுக்கினார். வாங்கிப்போட்ட பெட்டியின் விலையோடு பார்த்தால் அவர் வாங்கிய கூலி சொல்லும்படியாக இல்லை.

மறுநாள் நானும் போனேன். கிளிப்பின் புதுக் கயிற்றை நண்பன் மணிக்கட்டில் மாட்டியிருந்தான். மிதவை தெரிந்ததும் எழுந்து நின்று பிடியைத் தூக்கினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டு, கையை வெடுக்கென்று இழுத்தான். சத்தம் அறுந்தது. வள்ளத்தின் விலாவில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது.

“நிக்குதுலே” என்றான். ஓடியபோதுகூட அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.