கதவில்லாத நிலையங்கள்

பெர்லினில் பாதாள ரயிலுக்குப் படியிறங்கியதும் என் கண் தேடியது கேட்டைத்தான். சென்னை மெட்ரோவில் கார்டைக் காட்டினால் விரிகிற கதவு இருக்குமே, அது போல ஒன்று. படிக்கட்டு நேராக நடைமேடையில் கொண்டுபோய் விட்டது. கதவும் இல்லை, சுழல் கம்பியும் இல்லை, சீட்டு கேட்டு நிற்கிற ஆளும் இல்லை. மஞ்சள் ரயில் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போனார்கள். 1902-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது.

நடைமேடையில் இடுப்புயரத்தில் ஒரு சின்னப் பெட்டி நிற்கிறது. மெஷினில் டிக்கெட் வாங்கியவர் அதை அந்தப் பெட்டியின் வாயில் நுழைக்க வேண்டும். 'டக்' என்று நாளும் நேரமும் விழும். அங்கிருந்து இரண்டு மணி நேரம் செல்லும். நான் போன 2025-இல் நகரத்துக்குள் ஒருமுறை போக 3.80 யூரோ, நம் காசில் ஏறக்குறைய 370 ரூபாய். முத்திரை குத்தினாயா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெருநகரமே தன் மக்களிடம் 'நீ கொடுத்திருப்பாய்' என்று நம்பிக் கதவைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

நான் வளர்ந்தது முசரவாக்கத்தில். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பின்வாசலிலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவார். இடது கைவிரல் இடுக்குகளில் மடித்த பத்து, இருபது ரூபாய் நோட்டுகள், கட்கத்தில் தோல் பை, வாயில் விசில். ஸ்டேஜ் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் போட்டு முடியவில்லை என்றால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிடுவார். ‘டிக்கெட் வாங்காதவங்க வாங்குங்க, அப்பத்தான் வண்டி நகரும்.’ புளியமரத்தடியில் பஸ் நிற்கும், உள்ளே வியர்த்துக் கொட்டும். அவர் கோபத்துக்கும் காரணம் உண்டு. நடுவழியில் செக்கிங் ஏறி ஓர் ஆள் டிக்கெட் இல்லாமல் சிக்கினால், அபராதம் அந்த ஆளுக்கு, மெமோ கண்டக்டருக்கு. அடுத்தவர் வித்தவுட்டில் வந்ததற்கு இவர் விளக்கம் எழுத வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் கண்டக்டர் கிடையாது. அங்கே டிக்கெட் பரிசோதகர்தான். சிக்கினால் ரயில்வே சட்டப்படி டிக்கெட் காசோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

பெர்லினின் தெற்கே பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே போக யு-7 வண்டி. அதில்தான் செக்கிங்கை முதன்முதலில் பார்த்தேன். சாதாரண உடையில் இருவர், ஒருவர் முதுகில் பை. கதவு மூடி வண்டி நகர்ந்த பிறகுதான் கழுத்து அட்டையை வெளியே எடுத்தார்கள். குரலை உயர்த்தவில்லை. ஆட்கள் போனையும் சீட்டையும் நீட்டினார்கள். கடைசி இருக்கையில் ஒரு பெரியவர். காலடியில் இரண்டு பெரிய பைகள் நிறைய காலி பாட்டில்கள். ஜெர்மனியில் காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட். குப்பைத்தொட்டிகளில் பொறுக்கிச் சேர்க்கிறவர்கள் நகரமெங்கும் உண்டு. மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு டிக்கெட்டுக்கு அவர் 48 பீர் பாட்டில் பொறுக்க வேண்டும். அவரிடம் டிக்கெட் இல்லை. அடுத்த நிலையத்தில் அவரை இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார்கள். பைகளை நடைமேடையில் வைத்துவிட்டு அவர் பொறுமையாக நின்றார். அவருக்கு இது பழகிப்போன காரியம் என்று நிற்கிற விதத்திலேயே தெரிந்தது.

எழுதிக்கொள்வது 60 யூரோவுக்கு. 2015 வரை அது 40-ஆக இருந்தது. கட்டிவிட்டால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது. கட்ட முடியாமல் திரும்பத் திரும்பச் சிக்குகிறவர்கள் பேரில் வழக்கு வரும். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 265-ஏ பிரிவு, சீட்டில்லாமல் பயணம் செய்வதைக் குற்றம் என்கிறது. ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். இந்தப் பிரிவு 1935-இல், நாஜி ஆட்சியில் சேர்க்கப்பட்டது. நீதிமன்றம் பெரும்பாலும் அபராதம்தான் போடும். அந்த அபராதத்தையும் கட்ட முடியாதவர் அதற்கு ஈடாக நாள் கணக்கில் சிறையில் இருக்க வேண்டும். பெர்லினில் பிளெட்சன்சே சிறையில் இப்படி இருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு கைதியை ஒரு நாள் வைத்துப் பராமரிக்க அரசுக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகிறது. 3.80 யூரோ இல்லாத மனிதனுக்காக அவ்வளவு செலவு. கதவில்லாத நிலையத்தைக் கண்டு சிலிர்த்தவன் நான். அந்தக் கதவு காணாமல் போகவில்லை, ஏழைக்கு மட்டும் வேறிடத்தில், சிறை வாசலில் போய் நிற்கிறது என்று தெரிந்தபோது மனம் கனத்தது.

இதைக் கண்டு அந்த ஊர்க்காரர்களே சும்மா இருக்கவில்லை. ஆர்னே செம்ஸ்ராட் என்ற பத்திரிகையாளர் 2021 டிசம்பரில் 'சுதந்திர நிதி' என்ற பெயரில் நன்கொடை திரட்டத் தொடங்கினார். டிக்கெட் எடுக்காததற்காகச் சிறையில் இருப்பவர்களின் பாக்கி அபராதத்தைக் கட்டி வெளியே கொண்டுவருவதுதான் வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டிருக்கிறார்கள். பணம் கட்டியதும் சிறைக் கதவு திறக்கிறது என்றால், உள்ளே வைத்திருந்தது குற்றத்துக்காகவா, காசில்லாமைக்காகவா?

நான் தங்கியிருந்தது ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர் வீட்டில். ஒரு சாயங்காலம் ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸெ நிலையத்துக்கு அழைத்துப் போனார். பக்கத்திலேயே 'கண்ணீர் மாளிகை' என்று பெயர் பெற்ற கண்ணாடிக் கூடம். கிழக்கு பெர்லினிலிருந்து மேற்கே போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய இடம், இப்போது அருங்காட்சியகம். 1961-இல் சுவர் எழும்பிய பிறகும் இந்த நிலையத்திலிருந்து மேற்கே ரயில் ஓடியது. கிழக்கு ஜெர்மனி தன் பக்கத்தில் துருவித் துருவிச் சோதிக்கும். மேற்கு பெர்லின் பக்கத்தில் பாஸ்போர்ட் சோதனையே கிடையாது. பெர்லின் ஒரே நகரம், நடுவில் இருப்பதைச் சர்வதேச எல்லையாக ஏற்கமாட்டோம் என்பது மேற்கு நாடுகளின் நிலைப்பாடு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் அந்த இடைவெளி வழியாகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

‘கொழும்பில இருந்து மொஸ்கோ. மொஸ்கோவில இருந்து ஷோனஃபெல்ட். அங்கயிருந்து இந்த ஸ்டேசன்’ என்றார் அண்ணர். ‘கிழக்கு ஜெர்மன்காரன் பாஸ்போட்டில குத்திப்போட்டு விட்டிட்டான். ரயில் ஏறி அங்கால இறங்கினம். ஆரும் நிக்கேல்லை தம்பி. எங்க போறாய் எண்டு கேக்க ஒரு ஆள் இல்லை.’

‘டிக்கெட் எடுத்தீங்களாண்ணா?’

‘எடுக்காமல்? முதல் நாளில இருந்து ஒழுங்காச் சாப்பிடேல்லை, ஆனால் ரிக்கற் கையில இருந்தது. பிடிபட்டால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்ட பயம். இண்டைக்கும் என்ர பிள்ளையள் ஒரு ஸ்டேசன் போறதெண்டாலும் ரிக்கற் இல்லாமல் ஏறாதுகள். அப்பிடிச் சொல்லி வளத்தது.’

1985-இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது, மேற்கின் விசா இல்லாத இலங்கையருக்கு வழிவிடமாட்டோம் என்றது. அண்ணர் 1984-இல் வந்தவர். அந்த நடைமேடையில் இப்போது சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீமோடு நிற்கிறார்கள். ஓரிடத்தில் நின்று, ‘இதிலதான்’ என்று காலால் தட்டிக் காட்டினார்.

வார இறுதியில் ஹாம் நகரத்துக்குக் கிளம்பினோம். ஜெர்மனி வரைபடத்தில் மேற்கே, ரயில் பாதைகள் கூடும் ஊர். பெர்லினிலிருந்து வரும் அதிவேக ரயில் அங்கேதான் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போகிறது. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் கோபுரம் தெரிகிறது. 2002-இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். எங்கள் காஞ்சி காமாட்சியை மனதில் வைத்துக் கட்டியது. பாஸ்கரக் குருக்கள் 1980-களில் அகதியாக வந்து, ஒரு நிலவறையில் பூசையைத் தொடங்கி, இதை எழுப்பினார். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் எல்லா மூலையிலிருந்தும் ஆயிரமாயிரமாய்த் தமிழர்கள் கூடுகிறார்கள். தீர்த்தவாரி பக்கத்துக் கப்பல் கால்வாயில் நடக்கிறது.

அந்த ஊர் ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் அம்மா. கட்டியிருந்த பட்டுப் புடவை அரக்கு உடல், பச்சைக் கரை. கரையும் உடலும் சேருமிடத்தைப் பார்த்ததும் கோர்வை என்று தெரிந்துவிட்டது. இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து மூன்று நாடா ஓட்டினால்தான் அந்தச் சேர்க்கை வரும். எங்கள் பக்கத்துத் தறி ஒன்றில் அது இறங்கியிருக்கலாம். பரிசோதகர் வந்தார். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் அம்மாவும் டிக்கெட்டை அங்கேதான் முடிந்து வைப்பார்.

என் அம்மா பாவு பிணைக்கிற வேலைக்குக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போய்வந்தவர். தீர்ந்த பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். அந்தக் கூலியில் பஸ் காசு ஒரு பெரிய துண்டு. ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து போவார், அதில் மிச்சமாகும் சில ரூபாய்க்காக. அவரோடு வந்தவர்களில் சிலர் நெரிசலில் டிக்கெட் வாங்காமல் நழுவியதும் உண்டு. அதற்காக அவர்களை நான் ஒருநாளும் திருடர்கள் என்று எண்ணியதில்லை.

2021 மே 7-ஆம் தேதி ஸ்டாலின் முதல்வராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்டார். மறுநாளிலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பின்னால் திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நீண்டது. கண்டக்டர் இப்போதும் டிக்கெட் கொடுக்கிறார், கட்டணமில்லாத டிக்கெட். அதைக் கணக்கு வைத்து அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு கண்டது. கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டவர்கள் ‘டிக்கெட் குடுப்பா’ என்று கையை நீட்டி வாங்குவதை எங்கள் பஸ்ஸிலேயே பார்த்திருக்கிறேன். சிறையும் அபராதமும் செய்யாத வேலையை ஓர் அரசாணை செய்தது.

இதை அண்ணரிடம் சொன்னபோது அவர் சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. சும்மா கொடுத்தால் பஸ்ஸை யார் காசில் ஓட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அந்தக் காசு வரியிலிருந்துதான் வர வேண்டும். லக்சம்பர்க் 2020-இலிருந்து நாடு முழுக்க பஸ், டிராம், ரயிலில் இரண்டாம் வகுப்பு எல்லாவற்றையும் இலவசமாக்கியிருக்கிறது என்றேன். அது பணக்கார நாடு என்றார். நமது மாநிலம் பணக்கார மாநிலம் இல்லை, பெண்களுக்காவது செய்திருக்கிறதே என்றேன். கொலோன் நகர மன்றம் 2023-இல், சீட்டில்லாதவர்கள் மேல் போலீசில் புகார் கொடுப்பதை நிறுத்த முடிவெடுத்ததை அவரே நினைவுபடுத்தினார். ‘மறியலுக்கு (சிறைக்கு) அனுப்புறது பிழைதான், தம்பி. அதில எனக்கும் சம்மதம். ஆனால் ரிக்கற் எடுக்கத்தான் வேணும்.’ அங்கே வந்து நின்றோம்.

அடுத்த தை மாதம் தன் மனைவியோடு காஞ்சிபுரம் வந்து மூல காமாட்சியைப் பார்க்க வேண்டும் என்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம், அதற்குச் செலவில்லை என்றேன். முசரவாக்கம் எங்கள் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் வந்துவிடுங்கள், அண்ணிக்குக் காசு கேட்கமாட்டார்கள், உங்களுக்கு மட்டும் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.