ரெண்டு டப்பா ஜேனு

டெம்போ டிரைவரிடம் போனில், "ஜேனு பாக்ஸ் எரடு இதே" என்றேன். "ஜேனா? எஷ்டு கேஜி சார்?" என்றார். சின்ன டப்பாதான், தூக்க நான் இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கன்னடத்தில் ஜேனு என்றால் தேன், தேனீயும் ஜேனுதான். பூச்சியைப் பிரித்துச் சொல்லவேண்டுமானால் ஜேனு ஹுளு என்று வால் சேர்க்கவேண்டும். இருபது வருஷமாக பெங்களூரில் குப்பை கொட்டுகிறவனுக்கு இது தெரியாதா? ராத்திரி 10 மணிக்கு 1,200 ரூபாய்க்கு ஒருவர் வருகிறேன் என்கிறபோது இலக்கணம் பேச மனசு வரவில்லை.

ராமமூர்த்தி நகர் வீட்டை ஓனரம்மா பில்டருக்குக் கொடுத்துவிட்டார். புது வீடு வித்யாரண்யபுரத்தில். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் பகலிலேயே போயாயிற்று. மொட்டை மாடியில் மிச்சம் இருந்தவை இரண்டு நியூட்டன் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்தாயிரம் ஜீவன்கள்.

நியூட்டன் என்றதும் ஆப்பிளுக்குப் போகவேண்டாம். இவர் இயேசு சபைப் பாதிரியார். வெள்ளைக்காரத் தேனீக்குச் செய்த பெரிய பெட்டி நம் ஊர் அடுக்குத் தேனீக்குத் தொளதொளவென்று இருப்பதைப் பார்த்து, 1910 வாக்கில் அளவைக் குறைத்துப் புதுசாக ஒன்று செய்தார். மார்த்தாண்டம் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டின் பின்புறம் இந்தப் பெட்டிகள்தான் வரிசையாக நிற்கும். மாமாவுக்கு அதுதான் பிழைப்பு. 1991, 92இல் தாய் சேக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீயை வாரிக்கொண்டு போனது. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் கோர்த்த சின்னப் பையாகத் தொங்கிச் செத்தன. மாமாவிடம் ஒரு பெட்டிகூடத் தேறவில்லை. காலிப் பெட்டிகளில் அத்தை கோழியை அடை வைத்தார். எத்தனையோ வருஷம் கழித்து நோய்க்குத் தாக்குப்பிடித்த கூட்டங்களைத் தேடிப் பிடித்து மாமா மறுபடி ஆரம்பித்தார். என்னிடம் இருக்கும் இரண்டும் அவர் கொடுத்த சீதனம்.

பெட்டியை நகர்த்துவதில் எனக்கு ஏற்கெனவே ஒரு கெட்ட அனுபவம் உண்டு. மாடிச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, ஒரு பெட்டியைத் தூக்கி எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரோரம் வைத்தேன். முப்பது அடிகூட இருக்காது. காலையில் வெளியே போன தேனீக்கள் ஒவ்வொன்றாக மகரந்தத்தோடு திரும்பின. நேராகப் பழைய இடத்துக்கு வந்து, பெட்டியின் வாசல் இருந்த உயரத்தில், வெறுங்காற்றில் சுற்றின. முப்பது அடி தள்ளி அதே பெட்டி, அதே ராணி, அதே வாசனை. ஒன்றுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் வெறும் செங்கல்லின் மேல் ஒரு பிடி பூச்சி கொத்தாக உட்கார்ந்திருந்தது. அந்த ராத்திரி நல்ல குளிர்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "ஒரு முழம் நகத்து. இல்லன்னா அடுத்த ஊருக்குக் கொண்டு போ. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் செய்யாத மக்கா" என்றார். இங்கிலீஷ்காரத் தேனீ வளர்ப்பாளர்களும் மூன்று அடி அல்லது மூன்று மைல் என்கிறார்கள். காரணம் இதுதான். இளந்தேனீ முதன்முதலில் வெளியே வரும்போது உடனே பறந்து போய்விடாது. வாசலைப் பார்த்தபடி பின்னுக்குப் பின்னாக, இடமும் வலமும் அரைவட்டம் போட்டு, தண்ணீர்த் தொட்டி எங்கே, துணிக்கொடி எங்கே, கேபிள் கம்பி எங்கே என்று மனப்பாடம் செய்யும். பாடம் முடிந்துவிட்டால் அப்புறம் திரும்பிப் பார்ப்பதே கிடையாது. பழகிய வட்டாரத்துக்குள் எங்கே வைத்தாலும் பழைய விலாசத்துக்கே வரும். பழகின மரம் ஒன்றுகூடக் கண்ணில் படாத தூரத்துக்குக் கொண்டுபோனால்தான் மறுபடி சிலேட்டை எடுக்கும்.

அந்த வட்டாரம் எவ்வளவு பெரிது? இதற்கு விடை கிடைத்ததே பெங்களூரில்தான் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. தேனீ தன் நடனத்தில் வாலை ஆட்டி ஓடும் நேரத்தை வைத்துப் பூ எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. இதைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் கொடுத்தார்கள். இனத்துக்கு இனம் அந்த நடனத்தில் வட்டார வழக்கு உண்டா என்பது ரொம்ப நாள் இழுபறி. ஜிகேவிகே வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தாரும் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தாரும் நம் மூன்று வகைத் தேனீக்களையும் ஒப்பிட்டு, உண்டு என்று 2020இல் எழுதினார்கள். மலைத்தேனீ இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் மேய்கிறது. அடுக்குத் தேனீக்கு ஒரு கிலோமீட்டரே பெரும்பயணம். கிட்டத்தில் மேய்கிற இனம் கொஞ்ச தூரத்துக்கே நிறைய ஆட்டம் போடும். என் புது வீடு அந்த வளாகத்துக்குப் பக்கம்தான். ராமமூர்த்தி நகரிலிருந்து 15 கிலோமீட்டர். மாமா கணக்கில் அடுத்த ஊர், தேனீ கணக்கில் அடுத்த தேசம்.

நல்ல வேளையாக ஜனவரி. மாமாவே அந்த வாரம் பெட்டிகளை லாரியில் ஏற்றி ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலை உதிர்ந்து தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும். அதற்கு முன்னால் பெட்டிகள் அங்கே இருந்தாகவேண்டும். லாரி இரைச்சலுக்கு நடுவே எனக்குப் பாடம் நடத்தினார். தேன் கனத்த அடையை முன்னாலேயே எடுத்துவிடு, ஆட்டத்தில் ஒடிந்து விழுந்தால் ராணி அடியில் மாட்டிக்கொள்வாள். இருட்டி எல்லாம் உள்ளே அடைந்தபிறகு வாசலில் கம்பிவலை அடி. துணியைத் திணிக்காதே, காற்றில்லாமல் புழுங்கி, தேனும் மெழுகும் இளகி எல்லாம் கூழாகிவிடும். வண்டியில் வைக்கும்போது சட்டங்கள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கட்டும். பிரேக் போட்டால் அடையோடு அடை மோதி நடுவில் இருப்பதெல்லாம் நசுங்காது. இத்தனையும் செய்தேன். கயிறு கட்டுவதைப் பற்றி அவர் சொல்லவில்லை. நெடுக்கே மட்டும் கட்டினேன்.

டிரைவர் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். உள்ளே தூரத்து மிக்ஸி மாதிரி ஒரு ரீங்காரம். "சார், ஜேனுன்னு சொன்னீங்க, இதுல ஹுளு இருக்கு!" என்று தமிழுக்கு வந்துவிட்டார். கோபம் வந்தால் கன்னடம் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். 300 ரூபாய் ஏற்றினார். நியாயம்தான்.

ஹெப்பாள் தாண்டும்வரை பிசகில்லை. உள்ரோட்டில் பெயின்ட் அழிந்த ஒரு ஹம்ப்ஸ். அடிப்பலகை புழு அறையை விட்டுச் சுண்டுவிரல் அளவு நகர்ந்தது. பெட்டியோடு பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரு விளக்கு வெளிச்சத்தில் இடைவெளி முதலில் தெரியவில்லை, புருவத்தில்தான் தெரிந்தது.

தேனீ கொட்டுவது ஊசி குத்துவது மாதிரி ஒரே காரியம் இல்லை. கொடுக்கில் முள் இருப்பதால் தோலில் மாட்டி, விஷப்பையோடு பிய்ந்து தங்கிவிடும். தேனீ செத்தபிறகும் அந்தப் பை துடித்துத் துடித்து உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். கிள்ளி எடுக்காதே, விஷம் பிதுங்கும், கத்தி முனையால் வழித்து எடு என்றுதான் நான் படித்திருந்தேன். 1996இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வாளர் தம் கையிலேயே கொட்டவைத்து அளந்து பார்த்ததில், வழித்தாலும் கிள்ளினாலும் தடிப்பு ஒன்றுதான், தாமதிக்கிற ஒவ்வொரு வினாடிக்கும்தான் அது பெரிதாகிறது என்று தெரிந்தது. ஆகவே நகத்தால் பிய்த்து எறிந்தேன். அதற்குள் மூக்கில் மட்டிப்பழ வாசனை. ஐசோபென்டைல் அசிடேட். கொட்டின இடத்திலிருந்து எழுந்து, 'எதிரி இங்கே இருக்கிறான்' என்று மற்றவர்களுக்குச் சொல்லும் வாசனை. வாழைப்பழ எசென்ஸிலும் அதே சரக்குதான் இருக்கிறது. பழம் தின்ற கையோடு பெட்டிப் பக்கம் வராதே என்று மாமா சின்ன வயதில் விரட்டுவது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்து என்ன, அதற்குள் இன்னும் நாலு விழுந்துவிட்டது.

வண்டியை ஓரம்கட்டி, தகர டப்பாவில் எடுத்து வந்திருந்த தேங்காய்க் கதம்பையைப் பற்றவைத்துப் புகை விட்டேன். புகை அந்த வாசனையை மறைத்துவிடும், உள்ளே இருப்பவையும் தீ வந்துவிட்டது என்று தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு சண்டையை மறக்கும். குறுக்கே ஒரு கயிறு போட்டு இறுக்கினேன். டிரைவருக்கும் காதுமடலில் ஒன்று. அவர் பதறவில்லை. புகையிலை டப்பியைத் திறந்து, ஒரு விரல் சுண்ணாம்பைக் காதில் அப்பிக்கொண்டு எனக்கும் நீட்டினார். விஷம் தோலுக்குக் கீழே போயாயிற்று, மேலே பூசுகிற சுண்ணாம்பு அதை எட்டாது. இருந்தாலும் பூசிக்கொண்டேன். ஒருவர் டப்பியை நீட்டும்போது மறுப்பதற்கு மருத்துவக் காரணம் சொல்வது அழகில்லை. வீட்டுக்குப் போய் வைத்த ஐஸ்தான் கேட்டது.

உண்மையில் என் கவலை அவர் காதில் இல்லை, மூச்சில் இருந்தது. கொட்டின இடம் எவ்வளவு வீங்கினாலும் பரவாயில்லை. கொட்டாத இடத்தில் தடிப்பு, உதட்டில் வீக்கம், தொண்டை அடைப்பு, தலைச்சுற்றல் வந்தால் அது வேறு சமாச்சாரம். அந்த நேரத்தில் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கக்கூடாது. தொடையில் அட்ரினலின் ஊசி, அதுவும் உடனே. அரைமணி நேரம் அவரை டீ குடிக்க வைத்துப் பேச்சுக்கொடுத்தேன். மாண்டியாவில் இருக்கும் கரும்பு பற்றிப் பேசினார். மூச்சு சீராக இருந்தது, குரலும் தெளிவாக இருந்தது.

புது தெருவில் என் பெட்டிகளை யாரும் கவனிக்கவில்லை. எதிர் அபார்ட்மென்ட்டின் ஐந்தாம் மாடி சன்ஷேடில் முறம் அகலத்துக்கு ஒரு ஹெஜ்ஜேனுக் கூடு தொங்கியதால் எல்லார் பயமும் அங்கே இருந்தது. நம் மலைத்தேனீதான். அசோசியேஷன்காரர் என் வீங்கின முகத்தைப் பார்த்துவிட்டு, ராத்திரி மருந்தடித்துக் கொல்ல ஆள் சொல்லட்டுமா என்று கேட்டார். சீசன் முடிந்தால் தானே கிளம்பிப் போய்விடும், பால்கனி விளக்கை அணைத்து வையுங்கள், கல் எறியாதபடி பையன்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். துரத்தினால் கையை வீசாமல் ஓடி ஏதாவது அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தவேண்டும், நீச்சல் குளத்தில் குதித்தால் மேலே காத்திருக்கும் என்பதையும் சொன்னேன். அடுத்த வருஷம் அதே சன்ஷேடுக்கு வரக்கூடும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் வலையை எடுத்து, வாசலை மறைத்தாற்போல ஒரு வேப்பங்கொப்பை வைத்தேன். கொப்பில் இடித்துக்கொண்டால்தான் இது பழைய இடமில்லை என்று உறைக்கும். முதல் தேனீ வெளியே வந்தது, நின்றது, திரும்பிப் பெட்டியைப் பார்த்தபடி பின்னுக்குப் பறந்து அரைவட்டம் போட்டது. கிழத் தேனீக்கள்கூட அன்றைக்கு எல்.கே.ஜி.

மூன்றாம் நாள் ஓனரம்மா போன் செய்தார். "உங்க பூச்சி ஒரு பிடி இங்கேயே சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்குதுப்பா, நாளைக்கு இடிக்க வராங்க." பெட்டிகளை ஏற்றின ராத்திரி உள்ளே அடையாமல் எங்கோ பூவில் தங்கிவிட்டவையாக இருக்கவேண்டும். சாயங்காலம் போய், ஷூ வந்த அட்டைப்பெட்டியில் மயிலிறகால் ஒத்தி இறக்கினேன். நூறுகூடத் தேறாது. மூடியில் ஊசித் துளைகள், சுற்றிலும் டேப். 500டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் வந்தார். "பாக்ஸல்லி ஏனு?"

"ஜேனு."

"ஒரிஜினலா சார்? கேஜி எஷ்டு?"