அம்மை குத்தாதவர்கள்

இருங்காட்டுக்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? "பெரியம்மையை எவனாவது ஆயுதமாக்கிவிட்டால் உங்க சிப்காட்டில் என்னடா செய்வீங்க?" என்று போனில் கேட்டீர்கள். ஷிப்ட் பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டேன்.

வீண் பயம் என்று தள்ள முடியவில்லை. சோவியத் ஆயுதத் திட்டத்தில் பெரிய பொறுப்பில் இருந்து, 1992-இல் அமெரிக்காவுக்குப் போன கென் அலிபெக், டன் கணக்கில் அவர்கள் வளர்த்த கிருமிக்கு 'இந்தியா-1967' என்று பேர் சொல்கிறார். நம் நாட்டு நோயாளியிடமிருந்து எடுத்ததாம். நமக்குக் கோடிக்கணக்கில் தடுப்பு மருந்தை இனாமாகக் கொடுத்ததும் அதே நாடுதான்! இன்று அதிகாரபூர்வமாகக் கிருமி இருப்பது அட்லாண்டாவிலும் சைபீரியாவின் கோல்ட்சோவோவிலும் மட்டும்.

எங்கள் ஹாஸ்டல் பையன்களிடம் அம்மை குத்தியிருக்கிறதா என்று கேட்டேன். பீகார்க்காரன், ஒடிசாக்காரன், நம்ம திருவண்ணாமலைப் பையன் எல்லாரும் தோளைக் காட்டினார்கள். அங்கே இருந்தது காசநோய்க்குப் போடும் பிசிஜி தழும்பு. அம்மை குத்தும் வேலையில் இருந்தபோது நீங்கள் குத்தினது ஒருத்தனுக்கும் இல்லை. தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் அறுபதுகளில் 6,900-க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து எழுதிய கணக்கில், குத்தாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் செத்தார்கள்.

ஆனால் தொற்றிப் பன்னிரண்டு நாள்போலக் கிருமி உள்ளேயே கிடக்கும். காய்ச்சலும் கொப்புளமும் வந்த பிறகுதான் பரவும். அதுவும் பெரும்பாலும் கூடவே இருப்பவர்களுக்கு. நோயாளியோடு பழகியவர்களுக்கு நாலு நாளுக்குள் குத்திவிட்டால் பலரைக் காப்பாற்றலாம். நீங்கள் செய்ததே அதுதானே, வீடு வீடாகப் போய் யார் பக்கத்தில் யார் படுத்தார்கள் என்று விசாரித்தது. 1975-இல் இந்தியாவில் நோய் நின்றதும் அந்த விசாரணையால்தான்.

இங்கே அது நடக்குமா என்பதுதான் என் கவலை. மருந்தைக்கூட எங்கிருந்தாவது வரவழைக்கலாம். காண்ட்ராக்டர் நோட்டில் பையனின் பேரும் ஆதாரும் இருக்கும், ரூம் இருக்காது. பகல் ஷிப்ட் எழுந்த பாயில் நைட் ஷிப்ட் படுக்கிறான். பாதிப் பேர் மாதத்துக்கு ஒரு ரூம் மாறுகிறார்கள்.

ரூம்வாரியாகப் பேர் எழுதிவைக்கப் போகிறேன் என்றதும் பையன்கள் போலீஸ் வேலை என்று நினைத்து முறைக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நோயாளியை மறைத்த வீடுகளில் நீங்கள் எப்படிப் பேச்சுக் கொடுத்தீர்கள்? முதலில் யாரைப் பிடிப்பீர்கள், கிழவிகளையா, பிள்ளைகளையா? விவரமாக எழுதுங்கள். போனில் அத்தை நடுவில் பிடுங்கிக்கொள்கிறாள்.

உங்கள் அன்பு மருமகன்,
செல்வம்