கூப்பரும் கொள்ளிடமும்

பி.ஏ. படிக்கும்போது ஃபெனிமோர் கூப்பரின் மோஹிகன் நாவலை எங்கோ நடந்த காட்டு யுத்தமாகத்தான் வாசித்தேன். அதில் வரும் வில்லியம் ஹென்றி கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தது 1757ல். மறுவருஷம், அதே யுத்தத்தில், லாலி கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தான். குமராட்சிக்கு மாற்றலாகி வந்த பிறகே இவ்விரண்டு வருஷங்களும் எனக்குள் அருகருகே வந்தன.

கொள்ளிடம் கடலில் சேருமிடத்தில் தேவிகோட்டை. தஞ்சாவூர் தனக்கே என்ற ஷாஜிக்குத் துணையாக 1749ல் கும்பெனியார் கிளம்பினார்கள். கோட்டை கைக்கு வந்ததும் எதிரி பிரதாபசிம்மனோடேயே உடன்படிக்கை. கோட்டை அவர்களுக்கு, ஷாஜிக்குப் பென்ஷன். இரோகுவாய்க் கூட்டமைப்பின் மோஹாக்கியரில் பெரும்பாலோர் அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷார் பக்கம் நின்றார்கள். 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இதை நாவலாக்க உட்கார்ந்தேன். நாற்பது பக்கம் தேறிற்று. படித்துப் பார்த்தால், கோட்டைச் சுவரின் உடைப்பை நோக்கி ஓடும் இளம் கிளைவ் மட்டும் உயிரோடிருந்தான். ஷாஜி நிழல். சிப்பாய்களுக்கு முகமே இல்லை. கூப்பரின் பூர்வகுடி ஒன்று விசுவாசி, இல்லையென்றால் துரோகி. தனக்கென்று கணக்குப் போடுகிறவன் அல்ல என்று குறை சொன்னவன் நான். அதே குறை என் பேனாவிலும். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’ எழுத ஆனந்தரங்கப் பிள்ளையின் டைரிக்குப் போனதன் அவசியம் அப்போது புரிந்தது.

வங்கியில் தினமும் ஜாமீன் கையெழுத்து வாங்குகிறேன். ஒருவன் இன்னொருவனுக்காக ஏன் கையெழுத்திடுகிறான் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. உறவா, பயமா, பழைய நன்றியா? அதைக் கேட்காத சரித்திர நாவலும் லெட்ஜர்தான். என்னுடைய நாற்பது பக்கமும் அப்படித்தான்.