கடல் கொள்ளாமல் மறைந்த ஊர்

"அப்பா, கடலுக்கு அடியில தமிழர் நாடு ஒன்னு இருந்துச்சாமே, உண்மையா?"

கோல சிலாங்கூர் படகுத் துறையில் ஏறி உட்கார்ந்ததும் என் மகள் கேட்ட முதல் கேள்வி இது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். முதல் நாள் இரவு, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குமரிக் கண்டக் காணொளியைப் பாட்டியோடு சேர்ந்து பார்த்திருந்தாள். பாட்டி, அதாவது என் அம்மா, மிதவை அங்கியைப் பிடித்துக்கொண்டு, "கேட்குதுல்ல, சொல்லுப்பா" என்றார்.

பதில் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நாங்கள் போய்க்கொண்டிருந்ததே கடலுக்குள் இருக்கும் ஒரு நிலத்துக்குத்தான்.

சாசாரான் கரைக்கு அப்பால் உள்ள அந்த மணல் திட்டை 'ஸ்கை மிரர்' என்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் மட்டும், நீர் வற்றும்போது சில மணி நேரம் வெளியே தெரியும். மணலின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் வானம் அப்படியே காலடியில் விழுகிறது. போக நினைப்பவர்கள் நாள்காட்டியில் பிறையைப் பார்த்துவிட்டுப் படகுக்குப் பதிவு செய்யுங்கள். மாற்றுத் துணியும் அவசியம்.

திட்டில் இறங்கியதும் மகளுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இறையனார் அகப்பொருள் உரை, மூன்று சங்கங்களின் கதையைக் கணக்கோடு சொல்கிறது. முதற்சங்கத்துக்கு 4440 ஆண்டுகள், 89 அரசர்கள். கபாடபுரத்து இடைச்சங்கத்துக்கு 3700 ஆண்டுகள், 59 அரசர்கள். முதற்சங்கம் இருந்த பழைய மதுரையையும், பிறகு கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்பது மரபு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் நடுவே 49 நாடுகள் இருந்ததாகச் சொல்லி, ஏழ் தெங்க நாடு, ஏழ் குன்ற நாடு, ஏழ் குறும்பனை நாடு என்று ஏழு ஏழாகப் பெயர்களையும் அடுக்குகிறார்.

"அப்ப உண்மைதானே?" என்றாள் மகள்.

அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. 1864-இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் வாழும் லெமூர்களையும் இந்தியாவில் வாழும் அவற்றின் உறவினங்களையும் ஒப்பிட்டு, இரண்டு நாடுகளையும் இணைத்த ஒரு கண்டம் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா எனப் பெயர் வைத்தார். பின்னாளில் நம் அறிஞர்கள் சிலர் அந்த லெமூரியாவையும் கடல்கோள் மரபையும் ஒன்றாக்கினார்கள். ஆனால் நிலங்கள் மூழ்கவில்லை, நகர்ந்து பிரிந்தன என்று புவியியல் கண்டுபிடித்ததும் லெமூரியா அறிவியலிலிருந்து போய்விட்டது. குமரிமுனைக்குத் தெற்கே கரையோரமாக ஓரளவு நிலம் இருந்திருக்கலாமே தவிர, பெருங்கண்டம் இல்லை என்பதைப் புவியியலாளர் சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' நூலில் விளக்கியிருக்கிறார்.

மகளின் முகம் வாடியது. "ஆனா நீ இப்ப நிக்கிற இடத்தைப் பாரு" என்றேன்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது மலாக்கா நீரிணை கிடையாது. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். சுந்தாலாந்து என்று அதற்குப் பெயர். நாங்கள் நின்ற இடத்திலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருக உருக, பல ஆயிரம் ஆண்டுகளில் கடல் மெல்ல ஏறி வந்தது. மூழ்கிய பெருநிலத்தைக் காணொளியில் தேடினோம், அது எங்கள் காலடியில் கிடந்தது.

படகுக்காரர் விசிலடித்தார். திரும்பிப் பார்த்தால், நாங்கள் இறங்கிய பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியிருந்தது.

செலாயாங்குக்குத் திரும்பும் வழியில் ஈஜோக்கில் நிறுத்தச் சொன்னார் அம்மா. 2011-இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை வந்த பிறகு நாங்கள் அந்த ஊரை வேகமாகக் கடப்பதோடு சரி. அம்மா பிறந்து வளர்ந்து, பால்மரம் வெட்டிய தோட்டம் அங்கேதான் இருந்தது. துரைமார் வைத்த பெயர் ஒன்று. எங்கள் ஆட்கள் கூப்பிட்டது 'ஆத்தோரத் தோட்டம்'.

காரை நிறுத்திய இடத்தில் வரிசையாக இரட்டை மாடி வீடுகள். அம்மா இறங்கி, ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, "இதுதான் பெரட்டுக் களம்" என்றார். தெருமுனைக் குப்பைத்தொட்டி நின்ற இடம் ஆயாக்கொட்டாய். விளையாட்டுத் திடல் இருந்த இடத்தில் மேட்டு லயம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகள் வந்தன. எந்தக் கடலும் கொள்ளவில்லை. நான் பிறந்த பிறகு, என் கண்ணெதிரே நடந்தது இது. ஆனாலும் என் மகளுக்கு இந்த ஊர் கபாடபுரத்தைவிடத் தூரம். கபாடபுரத்தின் பெயராவது அவளுக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்தில் பெயர்களும் நிலைப்பதில்லை. பக்கத்து பத்தாங் பெர்ஜுந்தை இப்போது பெஸ்தாரி ஜெயா. அங்கே 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஏழ் தெங்க நாட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் தென்னமரம் தெரியும்?

குமரி ஆறு இல்லை; பெயர் முனையில் தங்கிவிட்டது. நாட்டில் எத்தனையோ தோட்டங்களும் அப்படித்தான். மண் கைமாறிவிட்டது, தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் நிற்கிறது. 49 நாடுகள் இருந்தனவோ இல்லையோ, யாரோ பெயர்களைச் சொல்லிவைத்து, ஒருவர் எழுதியும் வைத்ததால்தான் இன்றும் அவற்றைப் பேசுகிறோம். பெரட்டுக் களத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கேட்டு எழுத நமக்குத்தான் நேரமில்லை.

அன்று இரவு மகள் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தோடு பாட்டி அருகில் உட்கார்ந்தாள். மேட்டு லயம், பள்ளத்து லயம், கிராணி வீடு, மாரியம்மன் கோயில், பால் கொட்டாய், கிணற்றடி நாவல் மரம். பாட்டி சொல்லச் சொல்ல எழுதி, கடைசியில் எண்ணினாள்.

"முப்பத்தொன்னு வருது பாட்டி."

"இரு, இன்னும் கீழ்க்கரைக்கே நான் போகல" என்றார் அம்மா.